ஊசிக்கு முந்தைய மாத்திரை

அண்ணி தையல் மெஷினின் சின்ன இழுப்பறையைத் திறந்து, பாபின்களையும் தேய்ந்துபோன சாக்பீஸ் துண்டுகளையும் ஒதுக்கிவிட்டு, ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். அட்டையில் பாதிக்கு மேல் காலி. மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த துண்டில் கம்பளிப்பூச்சி ஊர்ந்திருக்க வேண்டும். அந்தத் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்ட சின்னவளுக்குக் கழுத்து முழுக்க வரிவரியாகத் தடித்திருந்தது.

"இதுல ஒண்ணு போட்டுக்க சின்னி. கொஞ்ச நேரத்துல அடங்கிடும். லேசா தூக்கம் வரும், அவ்வளவுதான்."

சின்னவள் வாங்கி, பழக்கதோஷத்தில் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். படித்த மாத்திரத்தில் கழுத்து அரிப்பு மறந்துபோனது.

"இது எதுக்கு அண்ணி வீட்ல வச்சிருக்கீங்க?"

"எல்லாம் உன் ஊசிக்குத்தான். முதல் தடவை நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? அதுக்கப்புறம் உன் லேபுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒண்ணைப் போட்டுட்டுத்தான் வருவேன். பாத்தியா, ஒரு தடவையாவது 'ஆ'ன்னு சொல்லியிருப்பேனா?" சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள் அண்ணி. அந்தக் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

சின்னவள் மாத்திரையைப் போட்டுக்கொள்ளவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி சமையலறைக்குள் போய், அங்கே சும்மா நின்றாள்.

அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. தலையில் இரண்டு நரைகூட எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் கடைசியாகப் பிறந்த பாவத்துக்கு வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள், அண்ணிக்குச் சின்னி. ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததிலிருந்து அண்ணன் வீட்டு உள்ளறைதான் இருப்பிடம். முன்னறை அண்ணியின் ராஜ்ஜியம். அங்கே உட்கார்ந்து துணி திருத்தித் தருகிறாள்: நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது, பருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது. தெருவில் யார் இளைத்தார்கள், யார் பருத்தார்கள் என்பது அண்ணிக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

சின்னவளின் ஆராய்ச்சி தோலைப் பற்றியது. தோலுக்கடியில் மாஸ்ட் செல் என்று ஒரு வகை உட்கார்ந்திருக்கிறது. அதற்குள்ளே ஹிஸ்டமின் முதலான சமாச்சாரங்கள் குட்டிக்குட்டிப் பொதிகளாக அடைந்து கிடக்கும். சில ரசாயனங்கள் பட்டால் போதும், செல் தன் பொதிகளை ஒரே மூச்சில் வெளியே கொட்டிவிடும். கொட்டின இடம் தடிக்கும், சிவக்கும், அரிக்கும். கொட்டித் தீர்த்த செல் செத்துப்போவதில்லை. கொஞ்ச காலம் வெறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, மெல்ல மெல்லத் திரும்பவும் பொதிகளைச் செய்து நிரப்பிக்கொள்ளும். நிரம்ப எவ்வளவு காலம் பிடிக்கிறது, எல்லாருக்கும் ஒரே மாதிரிதானா என்பது அவளுடைய கேள்வி. தானாக முன்வருகிறவர்களின் முன்கையில் பேனாவால் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் ஒரு பொட்டு ரசாயனத்தை ஊசியால் ஏற்றுவார்கள். எழும்பும் தடிப்பின் ஓரத்தை மையால் வரைந்து, அதன்மேல் கண்ணாடி டேப்பை ஒட்டி எடுத்துத் தாளில் பதிப்பார்கள். சில நாள் கழித்து அதே வட்டத்தில் மறுபடியும் ஊசி. செல்கள் நிரம்பியிருந்தால் தடிப்பு பழையபடி எழும்பும். நிரம்பவில்லையென்றால் எழும்பாது.

வந்தவர்களில் சிலர் பாதியில் நழுவிவிட்டார்கள். ஆள் குறைந்தபோது சின்னவள் அண்ணியிடம் போய் நின்றாள். அண்ணி யோசிக்கக்கூட இல்லை. "கையைத்தானே கேக்குற, எடுத்துட்டா போகப் போற?" என்று அடுத்த நாளே கிளம்பி வந்துவிட்டாள்.

முதல் ஊசிக்கு அண்ணியின் கை எழும்பின மாதிரி வேறு யாருக்கும் எழும்பவில்லை. உள்ளங்கை அகலத்துக்குத் தடித்து, சிவப்பு முழங்கை வரைக்கும் ஏறியது. அண்ணி வீட்டில் பேசுகிற குரலிலேயே, "ஐயையோ, எரியுதே சின்னி, உசிர் போகுதே" என்று கத்திவிட்டாள். பக்கத்து நாற்காலிகளில் கல்லூரிப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னவளுக்குக் காது சுட்டது. குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எறும்பு கடிச்ச மாதிரிதான் அண்ணி. சின்னப் பசங்களே சும்மா உக்காந்திருக்காங்க. இங்க வந்து என் மானத்தை வாங்காதீங்க." அண்ணி உடனே வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வேறு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். சின்னவள் அதோடு அதை மறந்துபோனாள். அண்ணி மறக்கவில்லை என்பது இப்போது, கையில் பாதி காலியான அட்டையோடு நிற்கும்போதுதான் புரிந்தது.

இரண்டாம் ஊசிக்கு அண்ணியின் கையில் தடிப்பே வரவில்லை. மூன்றாவதுக்கும் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் வாரத்துக்கு வாரம் தடிப்பு பெருத்துக்கொண்டு வர, அண்ணியின் வட்டம் மட்டும் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. ஆராய்ச்சியை நடத்தும் மேடம் பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்தார். கொட்டிய பிறகு நிரம்பவே நிரம்பாத செல்கள்! இப்படி ஒரு கையை யாரும் பார்த்ததில்லை என்றார். அன்றிலிருந்து லேபில் அண்ணிக்குத் 'தங்கக் கை' என்று பெயர். சரிபார்ப்பதற்காகப் புதிய இடத்தில் போட்ட ஊசிக்கும் தடிப்பு வராதபோது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு இடத்தில் செல்கள் வெறுமையானால் மற்ற இடத்துச் செல்களும் எப்படியோ அறிந்து அடங்கிவிடுகின்றன என்று அதற்கும் ஒரு விளக்கம் செய்துகொண்டார்கள். விளக்கத்தை முதலில் சொன்னது சின்னவள்தான். வெளியிலிருந்து வந்த பேராசிரியர்கள் முன்னால் அண்ணி கையை மடித்துவிட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கிறவள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெறும் வட்டத்தை அவர்கள் மாறிமாறிக் குனிந்து பார்த்தார்கள்.

எல்லாம் இந்த மாத்திரையின் வேலை. செல் கொட்டுகிற ஹிஸ்டமினைத் தோலில் வேலை செய்ய விடாமல் மறிப்பதுதான் இதன் தொழில். அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரிடமும் ஊசிக்கு முன்னால் கேட்பது வழக்கம்: "சளி, அரிப்பு, அலர்ஜின்னு எதுக்காவது மாத்திரை போட்டீங்களா?" சின்னவள் எல்லாரையும் கேட்டாள். அன்று சிரித்த கல்லூரிப் பெண்ணைக் கேட்டாள், ஊசிக்குக் கை நீட்டிய வாசல் காவல்காரரைக் கேட்டாள். அண்ணியைக் கேட்கவில்லை. ஒரே வீடு, ஒரே குளியலறை, ஒரே சீப்பு. அண்ணிக்குத் தலைவலி வந்தால்கூடத் தனக்குத் தெரியாமலா போகும் என்ற நினைப்பு. படிவத்தில் 'இல்லை' என்று தானே எழுதிவிட்டாள்.

கண்ணில் படாமலும் இல்லை. ஊசி போட்டுக்கொண்டு வந்த நாட்களில் அண்ணி மெஷின் மேலேயே தூங்கி வழிவாள். "அண்ணி தையல் கடையைச் சாத்திட்டுத் தூக்கக் கடை வச்சுட்டாங்க" என்று சின்னவள்தான் கிண்டல் செய்தாள். அண்ணனும் சேர்ந்துகொண்டு சிரித்தான். ஒருநாள் அந்தத் தூக்கத்தில் தையல் ஊசி அண்ணியின் ஆட்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. சின்னவள் கட்டுப் போட்டுவிட்டு, "கண்ணைத் திறந்து வச்சுத் தைக்கணும் அண்ணி" என்றாள். அந்த நகம் இன்னும் கறுத்துத்தான் இருக்கிறது.

இதில் சின்னவளால் தாங்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. மாத்திரை செல்லை ஒன்றும் செய்வதில்லை. செல் பாட்டுக்கு ஒவ்வொரு ஊசிக்கும் கொட்டியிருக்கும், நிரம்பியிருக்கும், மறுபடியும் கொட்டியிருக்கும். எல்லாம் நடந்திருக்கிறது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். வெளியே தெரியாததை வைத்துக்கொண்டு உள்ளே ஒன்றுமே இல்லை என்று இவ்வளவு நாளும் மேடை போட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை மேடம் அறைக்குள் நுழையும்போது உண்மையை அப்படியே சொல்லிவிடுவது என்றுதான் நினைத்திருந்தாள். மாநாடு நெருங்கிக்கொண்டிருந்தது. மேடத்தின் உரை அண்ணியின் கையைக் காட்டித்தான் தொடங்குவதாக ஏற்பாடு. சின்னவளுக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு கிடைப்பதும் அந்த உரையைப் பொறுத்ததுதான். மேடம் கடுமையானவர் என்று பேர். ஆனால் அநியாயக்காரர் இல்லை. சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். 

"ஊசிக்கு முன்னாடி நீ கேக்கலையா?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. பதில் அதைவிடச் சாதாரணமாக வந்து விழுந்தது.

"கேட்டேன் மேடம். அவங்க சொல்லல."

 மேடம் பெருமூச்சு விட்டார். "படிக்காதவங்க, பயந்திருப்பாங்க, பாவம்" என்றார். அண்ணி பட்டதாரி. அதைக்கூடச் சின்னவள் திருத்தவில்லை. முகம், கழுத்து, காது எல்லாம் கொதித்தது. நேற்றைய தடிப்பு இன்னும் போகவில்லை என்று மேடம் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

"சரி, உரையை மாத்திக்கலாம். தலை போற விஷயம் இல்ல. அவங்களை மாத்திரையை நிறுத்தச் சொல்லு. உடம்பை விட்டுப் போகட்டும். அப்புறம் கூட்டிட்டு வா, ஒரு தடவை நானே போட்டுப் பாக்கறேன். நான் ஒண்ணும் திட்ட மாட்டேன்."

வீட்டில் அண்ணி ஒரு கல்யாணக் கோட்டின் தோளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கதவருகிலேயே நின்று, மேடம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார், அதுவரை அந்த மாத்திரை வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அண்ணி தலையைத் தூக்கினாள். "மாத்திரை போட்டது தப்பா சின்னி? ஏதாச்சும் கெட்டுப்போச்சா?"

"அதெல்லாம் இல்ல அண்ணி. சும்மாதான்."

"கெட்டிருந்தா சொல்லிடுடி. உன் படிப்பு விஷயம்."

"ஒண்ணும் இல்லைங்கறேன்ல" என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தப்பு செய்தவளுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவளுக்கு வெளியே மெஷின் ஓடாமல் நின்றிருப்பது கேட்டது. அது மறுபடி ஓடத் தொடங்க வெகுநேரமானது. அடுத்து வந்த நாட்களில் சொல்லிவிட எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. துணி மடிக்கும்போது, பாத்திரம் துடைக்கும்போது, அண்ணன் வேலைக்குப் போன பிறகு. ஒவ்வொரு முறையும் வாய் வரைக்கும் வந்ததை வேறு எதையாவது பேசி மூடினாள். கடைசியில், மேடம் அதையெல்லாம் கிளறமாட்டார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மேடம் கிளறினார். கோபமாக இல்லை, கரிசனமாக. அண்ணியை உட்காரவைத்து, முன்கையைப் பஞ்சால் துடைத்து, வட்டம் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, இவ ஒவ்வொரு தடவையும் மாத்திரை போட்டீங்களான்னு கேட்டாளே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என்ன பயம்?"

அண்ணி மேடத்தைப் பார்த்தாள். பிறகு சின்னவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. துணியைக் கையில் எடுத்ததும் எங்கே பிரித்துத் தைத்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுகிற கண் அது. சின்னவள் ஊசி டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள். மூடி ஏற்கெனவே இறுகியிருந்தது.

"ஆமா மேடம், கேட்டா" என்றாள் அண்ணி. "நான்தான் ஏதோ ஞாபகத்துல இல்லைன்னு சொல்லிட்டேன். அவ மேல தப்பு இல்ல. மன்னிச்சுக்குங்க."

"அட, மன்னிப்பெல்லாம் எதுக்கு" என்று சிரித்தார் மேடம். ஊசி உள்ளே போயிற்று. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் ஒரு மிளகு அளவுக்கு வெள்ளையாக எழும்பியது. பிறகு அதைச் சுற்றிச் சிவப்பு பரவத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடிப்பு விரிந்து, ஓரங்களில் கால் முளைத்த மாதிரி கோணல்மாணலாக நீண்டது. "முழுசா நிரம்பியிருக்கு பாரு! முதல் தடவைக்குக் கொஞ்சமும் குறையல" என்று மேடம் உற்சாகமாகக் குனிந்தார். அண்ணியின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இங்கே கத்தக்கூடாது என்பதை அவள் மாத்திரை இல்லாமலேயே கற்றுக்கொண்டிருந்தாள். வரைவதற்காகச் சின்னவள் பேனாவோடு உட்கார்ந்து அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். தோல் காய்ச்சல் மாதிரி சுட்டது. அந்தச் சூடு தன் விரலுக்கு ஏறினதும் அவளால் அதற்குமேல் முடியவில்லை.

"மேடம்," என்றாள், தலையைத் தூக்காமல். "நான் கேக்கவே இல்ல. ஒரு தடவைகூடக் கேக்கல. உங்ககிட்டப் பொய் சொன்னேன். அண்ணி எனக்காகச் சொல்றாங்க."

 சொன்னதும் நெஞ்சு லேசாகும் என்று எங்கேயோ நினைத்திருந்தாள்போல. லேசாகத்தான் ஆனது. அந்த லேசோடு நிமிர்ந்து பார்த்தபோது, மேடம் தன்னைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சுலபமாகப் பொய் வருமா இந்த அம்மாளுக்கு என்கிற மாதிரி ஒரு பார்வை. அண்ணியின் முகத்தில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் சிரித்த அன்றுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை.

"முதல்ல அந்தக் கையை வரைஞ்சு முடி. நேரமானா மறைஞ்சிடும்" என்றார் மேடம். குரலில் இருந்த உற்சாகமெல்லாம் வடிந்திருந்தது. "மத்ததை அப்புறம் பேசலாம்." வெளியே போனார். கதவு அதுவாகச் சாத்திக்கொண்டது.

சின்னவள் பேனாவின் மூடியைத் திறந்தாள். "அண்ணி" என்றாள்.

"நீயே உண்மையைச் சொல்லத்தான் போறேன்னு தெரிஞ்சிருந்தா நான் எதுக்குடி அப்படிச் சொல்றேன்?" அண்ணி கத்தவில்லை. மெஷினில் நூல் கோக்கும்போது பேசுகிற தணிந்த குரலில்தான் சொன்னாள். "இதையாவது என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்ல?"

சின்னவள் வரையத் தொடங்கினாள். மைக்கோடு தடிப்பின் ஓரமாகப் போனது. வரைந்து முடிக்கிறவரை சொறியக்கூடாது என்பது இங்கே எல்லாருக்கும் சொல்லியிருக்கும் விதி. அண்ணியின் இன்னொரு கை தன்னை அறியாமல் எழுந்து வந்து, பாதி வழியில் நின்று, கறுத்த நகத்தைச் சுற்றி விரல் வெளுக்கும் அளவுக்கு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. சொறிந்துகொள்ளுங்கள் அண்ணி என்று சொல்லச் சின்னவளுக்கு வாய் எழவில்லை. குனிந்தபடியே இருந்தாள். போட்ட கோட்டைத் தாண்டிச் சிவப்பு முழங்கைப் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது.